கண்டக்டர் பாண்டிதுரையும் அவரைக் கொன்ற குதிரையும்

அந்த வைகாசியில் வெளியூர்க்காரர் யாராவது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்தால், இறங்கிய பஸ்ஸிலேயே திரும்ப ஏறியிருப்பார்.

பால்கோவாக் கடை வெங்கடேஸ்வரியிடம் கால் கிலோ கேட்டால், "வேண்டாம், வேண்டாம், வேண்டாம்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் தராசில் கை வைத்தார். இரண்டாவது வேண்டாம் வரை நின்று பார்த்தவர்களே கம்மி. ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் வீரணன் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றுகொண்டே தூங்கினார். அந்தப் பக்கம் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலை முதலாளி சோலைராஜ், ஐம்பத்தெட்டு வயதில் மொட்டைமாடியில் நின்று பட்டம் விட்டுக்கொண்டிருந்தார். பட்டத்தின் வாலில் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டிய மனு ஒன்று தொங்கியது. பெறுநர்: மழை.

இவர்களுக்கெல்லாம் என்ன கேடு? ஒரு கேடும் இல்லை. ஒரு நாய் சொல்லியிருந்தது, அவ்வளவுதான்.

நாயின் பெயர் ஞானச்செவியன். பால்போல வெள்ளை, ரோஸ் நிற மூக்கு, சுத்தமான ராஜபாளையம் ஜாதி. அதன் சொந்தக்காரர், மன்னிக்கவும், அதன் சீடர், சுவானந்த சுவாமிகள். செண்பகத்தோப்புக் காட்டுக்குள் ஒரு குகையில் இந்த நாய் நூறு வருஷமாகத் தவம் செய்துகொண்டிருந்ததாம். சுவாமிகள் போய்க் கும்பிட்டு அழைத்துவந்தாராம். அந்தக் காட்டில் அணிலைக்கூட எண்ணிக் கணக்கு வைத்திருக்கும் வனத்துறைக்கு, தவம் செய்கிற நாய் மட்டும் நூறு வருஷமாகக் கண்ணில் படவில்லை. கேட்பவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியத்தானே செய்யும்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து தர்பாரைத் தொடங்கினார் சுவாமிகள். நாய்க்கு வெல்வெட் நாற்காலி. கழுத்தில் நாலு விரற்கடை அகலத்துக்கு வெள்ளிப் பூண் போட்ட பெல்ட்டு. பதினைந்து அடி தள்ளி மேடையில் சுவாமிகள், காது இரண்டும் மூடும்படி பட்டுத் தலைப்பாகை. காணிக்கை ஐந்நூறும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வைத்துவிட்டு, நாயின் காதில் நம் மனக்குறையை ரகசியமாகச் சொல்லவேண்டும். சுவாமிக்குக்கூடக் கேட்கக்கூடாது, அத்தனை ரகசியம். நாய் எழுந்துபோய், வரிசையாக அடுக்கிய ஏட்டுக்கட்டுகளில் ஒன்றை மூக்கால் தொடும். சுவாமிகள் அதை எடுத்துப் பிரித்து, நம் மனக்குறையை அட்சரம் பிசகாமல் சொல்லி, போன ஜென்மத்தில் நாம் யார் என்பதையும் வாசிப்பார். கேட்டவர்களுக்குப் புல்லரிக்கும். புல்லரித்த உடம்போடு வெளியே வந்து யூடியூப்காரர்களுக்குப் பேட்டி கொடுப்பார்கள்.

போன ஜென்மத்துக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு ரகம். வெங்கடேஸ்வரி, எதைக் கேட்டாலும் மூன்று தரம் மறுத்துவிட்டுச் சம்மதிக்கும் 'வேண்டாம் ராணி'. அந்த ராணியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை முதல் 'வேண்டாம்' கேட்டதுமே எழுந்து போய்விட்டதால், பந்தல்காரரைக் கட்டிக்கொண்டாராம். வீரணன், படுத்தால் தோற்றதாக அர்த்தம் என்று ஆயுள் முழுக்க நின்றே தூங்கிய தளபதி. தூங்கும்போது எதிரி வந்து கோட்டையைப் பிடித்தான், தளபதியைச் சிலை என்று நினைத்து மாலை போட்டுவிட்டுப் போனான். சோலைராஜ், பெய்யாத மழைமேல் வழக்குப் போட்டு, சம்மனைப் பட்டத்தில் கட்டி மேலே அனுப்பிய பாளையக்காரர். தீர்ப்பு நாளில் இடியோடு கொட்டியதும், "குற்றவாளி ஆஜர்!" என்று நனைந்துகொண்டே கத்தினாராம். பரிகாரம் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்தக் கிறுக்கையே ஒரு மண்டலம் இந்த ஜென்மத்திலும் செய்யவேண்டும்.

ஆயிரம் பேருக்கு மேல் வாசித்தாயிற்று. அத்தனை பேரும் ராஜா, ராணி, தளபதி, ஜமீன். ஒருத்தராவது போன ஜென்மத்தில் களை எடுத்திருக்கவேண்டாமா? மாடு மேய்த்திருக்கவேண்டாமா? பிறகு அந்த ராஜாக்கள் எல்லாம் சோற்றுக்கு என்ன செய்தார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. ராஜாவாக இருந்தேன் என்று சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்!

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் கசந்தது. அவர் பெயர் மாரிக்கனி. அவர் போன ஜென்மத்தில் குதிரை.

மாரிக்கனி ராஜபாளையத்தில் நாய் வளர்த்துக் குட்டி விற்கிறவர். அவருடைய வீட்டுக்காரர் பாண்டிதுரை, ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ஒரே மகன் பட்டாளத்தில். தினமும் டியூட்டி முடிந்து வரும்போது பாண்டிதுரை தெருமுனையில் இரண்டு விசில் அடிப்பார். அதைக் கேட்டதும் மாரிக்கனி அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவார். கொஞ்சலும் குலாவலும் அவர்களுக்குள் அதிகம் கிடையாது, இந்த இரண்டு விசில்தான் உண்டு.

அப்படிப்பட்ட பாண்டிதுரைதான் ஒருநாள் வரிசையில் நின்று ஞானச்செவியன் காதில் குனிந்தார். "வீட்ல எம் பேச்சு எடுபட மாட்டேங்கு. அவ அப்பன் குடுத்த வத்திராயிருப்பு மாந்தோப்பை வித்து லாரி வாங்குவோம்னு சொன்னேன். ரெண்டு ஏக்கரு, நல்ல காய்ப்பு. எம் பேர்ல பாதி, அவ பேர்ல பாதி. கையெழுத்துப் போட மாட்டேங்கா" என்று கொட்டினார்.

நாய் எழுந்தது, ஏட்டைத் தொட்டது. சுவாமிகள் கண்ணைத் திறந்தபோது அதில் ஒரு புது ஒளி தெரிந்தது. பக்தர்கள் அதை ஞான ஒளி என்றார்கள். அது ரெண்டு ஏக்கர் ஒளி.

"பாண்டிதுரை! நீ பின்னடைத் துரை என்னும் ஜமீன்தார். எதிரி முதுகில் குத்திவிடுவான் என்று பயந்து இருபது ஆண்டுகள் பின்பக்கமாகவே நடந்தவன். ஐந்து கிணறுகளில் விழுந்து பிழைத்தவன். குதிரையிலும் வாலைப் பார்த்துத்தான் அமர்வாய். ஒருநாள் எவனோ சீட்டி அடித்தான். குதிரை மிரண்டது. நீ மாண்டாய். அந்தக் குதிரை யார் தெரியுமா? உன் மனைவி!"

மண்டபமே "ஆ..." என்றது. பாண்டிதுரைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக ஏன் எதிர்த்து எதிர்த்துப் பேசுகிறாள்? ஏன் கொள்ளும் சுண்டலும் விரும்பித் தின்கிறாள்? பாவி மகள், குதிரை!

மறுநாளிலிருந்து பாண்டிதுரை பஸ்ஸுக்குள் பின்பக்கமாக நடந்து டிக்கெட் போட்டார். அவரை மடியில் தாங்காத பயணியே அந்த ரூட்டில் இல்லை. விசில் அடிப்பதை விட்டுவிட்டார். உயிரை வாங்கிய சீட்டியல்லவா? அதற்குப் பதிலாகக் கை தட்டினார்.

டிரைவர் கருத்தப்பாண்டி ஒருநாள் பொறுமை போய்க் கத்தினார். "ஏலே, இறங்குறதுக்குக் கை தட்டுதியா, போறதுக்குக் கை தட்டுதியா? நான் பாட்டு நல்லாருக்குன்னு தட்டுதன்னு நெனச்சு, ரெண்டு ஸ்டாப்பை விட்டுட்டேன்லே!"

விசிலை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு, நாலு சட்டையை எடுத்துக்கொண்டு பாண்டிதுரை மண்டபத்துக்கே குடி போய்விட்டார். பத்து நாள் கழித்துத்தான் வீட்டு வாசலுக்கு வந்தார். முதுகுதான் முதலில் வந்தது.

"பௌர்ணமி வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு நீ மண்டபத்துக்கு வரணும். மாந்தோப்பை ஆசிரமத்துக்கு எழுதிக் குடுத்தா ஒன் குதிரை தோஷம் கழியுமாம். நானும் வீட்டுக்கு வந்துருவேன். இல்லைன்னா அன்னிக்கே பந்தம் அறுப்பு. அம்புட்டுத்தான்" என்றார், தெருவைப் பார்த்தபடி.

"ஏங்க, கிறுக்குப் பிடிச்சிருக்கா? இங்கிட்டுத் திரும்பி என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."

"குதிரை பேச்சுக்குக் காது குடுக்காதேன்னு சாமி சொல்லியிருக்கு."

போய்விட்டார். மாரிக்கனி நாய்க் கொட்டடியில் போய் உட்கார்ந்து அழுதார். ஒரு தோப்பைக் கொடுத்தால் புருஷன் வருவான், கொடுக்காவிட்டால் போவான். அப்பன் வைத்த மரங்களையும் விட மனசில்லை, அந்த இரண்டு விசிலையும் விட மனசில்லை. அழுது முடித்ததும் அவருக்கு ஆத்திரம் வந்தது. நம்மைக் குதிரையாக்கிய அந்த நாயை ஒருதரம் நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார்.

பாண்டிதுரை டியூட்டியில் இருக்கும் நேரமாகப் பார்த்து, முக்காடு போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். கிட்டே போனதும் நாய் சட்டென்று எழுந்து அவர் கையை மோந்தது. பிறகு வாலை ஆட்டிய வேகத்தில் வெல்வெட் நாற்காலி ஆடியது. மாரிக்கனி அதன் இடது காதைத் திருப்பிப் பார்த்தார். தாய் கடித்த வடு.

"அடப்பாவி! சுண்ணாம்பு!"

ஆமாம், அவர் வீட்டுக் கொட்டடியில் பிறந்த சுண்ணாம்பு. ராஜபாளையத்தில் குட்டி விற்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சுத்த வெள்ளைக் குட்டிகளில் சிலது செவிடாகப் பிறக்கும். அதனால் மாசம் ஒன்று ஆனதும் குட்டிகளுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுப் பார்ப்பார்கள். திரும்பினால் விலைக்கு, திரும்பாவிட்டால் சும்மா. சுண்ணாம்பு திரும்பவில்லை. இரண்டாவது தரம் மாரிக்கனி கனத்த பித்தளைக் குத்துப்போணியையே போட்டார், அப்போதும் தூங்கியது. கைச்சாடை காட்டி உட்கார, எழ, தொடப் பழக்கினார். வெளியூர்க்காரர் ஒருவருக்கு வேண்டும் என்று ஒரு ஆள் வந்து கேட்டபோது, சாடைகளையும் சொல்லிக்கொடுத்துச் சும்மா கொடுத்தனுப்பினார். அதற்கு ரெண்டு வருஷம் ஆகிறது.

செவிட்டு நாய்க்கு ஞானச்செவியன் என்று பெயர்! வீட்டுக்கு வீடு நாய் வளர்த்து, தட்டைப் போட்டுப் பார்த்தே குட்டி வாங்குகிற ராஜபாளையத்து ஜனம், நாற்காலிக்கு வெல்வெட் போட்டதும் தட்டை மறந்துவிட்டது.

மாரிக்கனிக்கு ஒரு யோசனை வந்தது. நாயின் காதில் குனிந்து பச்சைப் பொய்யாக ஒன்று சொன்னார். "எனக்கு மூணு பொம்பளப் பிள்ளைக. ஒண்ணுக்கும் வரன் அமையல."

சுவாமிகள் மேடையில் மடியோரமாக விரலை அசைத்தார். மாரிக்கனி பழக்கிய அதே சாடை. சுண்ணாம்பு ஏட்டைத் தொட்டது.

"தாயே!" என்றார் சுவாமிகள் கண்ணீர் மல்க. "மூன்று பெண்மக்கள்! மூவரும் கன்னியராய்! நீ முன்ஜென்மத்தில் ஊஞ்சலை விட்டு இறங்காத இளவரசி!"

பெறாத மூன்று பெண்களோடும் மாரிக்கனி வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். நாய்க்குக் கேட்காது. ஆனால் நான் சொன்னது யாருக்கோ கேட்டிருக்கிறது. யாருக்கு? எதிரே ஒரு யூடியூப் பையன் யாரோ ஒரு 'ராஜா'வின் சட்டைக் காலரில் பட்டாணி அளவு மைக் ஒன்றைக் கவ்வவிட்டுக்கொண்டிருந்தான். மைக்கில் சின்னதாகச் சிவப்பு லைட்டு மினுக்கியது. காதில் சொல்லக் குனிந்தபோது நாய் பெல்ட்டின் வெள்ளிப் பூணுக்குள் மினுக்கிய அதே சிவப்பு.

"ஓகோ" என்றார் மாரிக்கனி. எழுந்து வீட்டுக்குப் போய் ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து இடுப்பில் செருகிப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மண்டபம் கொள்ளவில்லை. கண்டக்டர் குதிரையை விடுதலை செய்வதைப் பார்க்க வத்திராயிருப்பிலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தது. பாண்டிதுரை மேடையில் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வீரணன் வாசல் நிலையை அடைத்தபடி நின்று குறட்டை விட்டார். பத்திரம், பேனா, மைப்பெட்டி எல்லாம் ஒரு தாம்பாளத்தில் தயார்.

மாரிக்கனியைப் பார்த்ததும் சுவாமிகள் ஒரு கணம் விழித்தார். ஊஞ்சல் இளவரசி எப்படிக் குதிரை ஆனாள்? ஆனால் ரெண்டு ஏக்கர் முன்னால் இருக்கும்போது எந்த ஞானி யோசிப்பார்?

"குதிரையே, பணிந்து கையெழுத்திடு!"

"போடுதேன் சாமி. அதுக்கு முன்னால ஞானச்செவியன் காதுல ஒரே ஒரு வார்த்தை சொல்லிக்கிடுதேன். மனசுல ரொம்ப நாளா கெடக்கு."

இன்னொரு தோப்பு வெளியே வருமோ என்னமோ! சுவாமிகள் கண்ணை மூடி, தலைப்பாகையை ஒரு விரலால் காதோடு அழுத்திக்கொண்டார்.

மாரிக்கனி குனிந்தார். இடுப்பிலிருந்த விசிலை எடுத்தார். பெல்ட்டின் வெள்ளிப் பூணுக்கு நேரே வைத்து, இருபத்திரண்டு வருஷத்து ஆத்திரத்தையும் பத்து நாள் அழுகையையும் சேர்த்து ஊதினார்.

பீ...ய்...ங்!

சுண்ணாம்பு நிதானமாக ஒரு கொட்டாவி விட்டு, மாரிக்கனியின் மோவாயை நக்கியது.

மேடையில் சுவாமிகள் மூன்றடி உயரம் எழும்பினார். "ஐயோ அம்மா! காது போச்சே! காது போச்சே!" என்று தலைப்பாகையைப் பிய்த்து எறிந்து, காதைப் பொத்திக்கொண்டு மேடையைச் சுற்றி ஓடினார்.

"சாமி வந்துருச்சு! சாமி வந்துருச்சு!" என்று நாலு பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தர் சூடம் கொளுத்தினார். நம் ஜனத்தை என்னவென்று சொல்ல!

"குலவையை நிறுத்துங்கட்டி!" என்று மாரிக்கனி போட்ட சத்தத்தில் சூடமே அணைந்தது. "விசில் சத்தத்துல குதிரை மிரளும்னு சொன்னாரு. குதிரை நான் மிரளல. காதுகிட்டயே ஊதுனேன், நாய் மிரளல. பதினஞ்சடி தள்ளி உக்காந்திருக்க சாமி மட்டும் ஏன்யா மிரளுது?"

அப்போது சுவாமிகளின் காதிலிருந்து பட்டாணி அளவில் ஒன்று கழன்று, மேடையில் டொக் என்று விழுந்து, உருண்டு, பாண்டிதுரையின் காலடியில் போய் நின்றது.

மாரிக்கனி நாயின் பெல்ட்டைக் கழற்றினார். விழுந்ததை எடுத்து, முன்வரிசையில் இருந்த வெங்கடேஸ்வரியின் காதில் வைத்துவிட்டு, மண்டபத்துக் கடைசி மூலைக்குப் போய் பெல்ட்டில் வாயை வைத்து முணுமுணுத்தார்.

வெங்கடேஸ்வரி வீறிட்டார். "ஆத்தாடி! காதுக்குள்ள 'வேண்டாம் வேண்டாம் வேண்டாம்'னு கேக்குதே!"

"நாய் யாரு வீட்டு நாய் தெரியுமா? எங்க கொட்டடியில பொறந்தது. ராஜபாளையத்துக்காரவுக கொஞ்சம் முன்னால வாங்க" என்று சொல்லி, பத்திரம் இருந்த தாம்பாளத்தைத் தூக்கி நாய்க்குப் பின்னால் தடார் என்று போட்டார் மாரிக்கனி. மைப்பெட்டி சிதறியது. ஜனம் துள்ளியது. நாய் திரும்பவில்லை.

ஆலை முதலாளி சோலைராஜின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! வீட்டில் நாலு நாய் வளர்க்கிறவர். "செவிட்டு நாய்... செவிட்டு நாயையா கும்பிட்டேன்? மழைக்கு மூணு வாய்தா வாங்கிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சுவாமிகள் இதுதான் சமயமென்று வாசலுக்குப் பாய்ந்தார். அங்கே தளபதி நின்றுகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மோதிய மோதலில் வீரணன் நாற்பது நாளைக்கு அப்புறம் முதன்முறையாகப் படுத்தார், சுவாமிகளுக்கு மேலே. பழைய போலீஸ் புத்தி, விழித்ததும் பிடியை விடவில்லை. ஸ்டேஷனில் விசாரித்தபோது, சுவாமிகள் முன்ஜென்மத்தில் யார் என்று தெரியாவிட்டாலும், இந்த ஜென்மத்தில் மைக்செட் வாடகைக்கு விட்டவர் என்று தெரிந்தது.

கூட்டம் கலைந்த பிறகும் வெங்கடேஸ்வரி போகவில்லை. "அப்போ நான் ராணி இல்லையாக்கா?" என்று கண் கலங்கக் கேட்டார்.

"சொந்தமாக் கடை வச்சு நாலு பேருக்குச் சம்பளம் குடுக்க. இதுக்கு மேல ஒனக்கு என்னட்டி ராணி?"

அன்று சாயங்காலம் பாண்டிதுரை வந்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பழக்கதோஷத்தில் முதுகைத்தான் காட்டினார். சுண்ணாம்பு வாசலில் படுத்திருந்தது. மாரிக்கனி விசிலை நீட்டினார்.

"தெருமுனைக்குப் போயி ரெண்டு விசில் அடிச்சிட்டு வாங்க. நேரா நடந்து. பொறவு தோசை ஊத்துதேன்."

பாண்டிதுரைக்கு அழுகை வந்துவிட்டது. போனார். இரண்டு விசில் கேட்டது. தோசைக்கல் அடுப்பில் ஏறியது.

கதை இங்கே முடிந்திருந்தால் இந்த ஊரைப் பற்றி எனக்கும் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். மறுநாள் விடிந்ததும் மாரிக்கனி வீட்டு வாசலில் ஐம்பது அறுபது பேர். கையில் மாலை, சூடம், பிஸ்கட் பாக்கெட்டு.

"தாயி, பொய்ச்சாமிய வெரட்டுன விசிலை எங்க காதுல ஒருக்கா ஊதிவிடுங்க. பிடிச்ச பீடையெல்லாம் போயிரும்" என்றார் முன்னால் நின்றவர். அவர் பின்னால் ஒருத்தர் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மாரிக்கனி சுண்ணாம்பின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இந்தா இருக்கே, இதுக்குப் பொறந்ததுல இருந்து ரெண்டு காதும் கேக்காது. அது அதோட குத்தமில்ல. ஒங்களுக்கு ரெண்டு காதும் நல்லாத்தான கேக்கு? அந்த ரெண்டு காதுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு பாருங்க, அதையும் செத்த நேரம் வேலை செய்ய விடுங்கய்யா!"

கூட்டம் அசையவில்லை. "அருள்வாக்கு!" என்றது ஒரு குரல்.

பாண்டிதுரை உள்ளேயிருந்து வந்தார். நேராக, முகம் முன்னால் தெரியும்படி. விசிலை வாயில் வைத்து இரண்டு தரம் ஊதினார்.

"ரைட்! போகலாம்! மூளை இருக்கவுக எல்லாம் முன்னால பாத்து நடங்க. இல்லாதவுக என்னைய மாதிரிப் பின்னால நடங்க. ஆனா சொல்லிருதேன், அந்தப் பக்கம் ஆறாவது கிணறு இருக்கு!"